எண்பது கிலோவில் கால்வாசி

ஆரணி
21-8-79, செவ்வாய்க்கிழமை

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் ஜெகநாதன் அவர்கள் சமூகத்துக்கு, ஆரணி சாயப்பட்டறை பரசுராமன் பணிவோடு எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் உங்கள் தங்கை அபிதகுசாம்பாள், பெண் ஜெயம், பட்டறை ஆட்கள், பசுமாடு எல்லாரும் சௌக்கியம். அவ்விடத்தில் மாம்பலத்து மகன் வீட்டில் தாங்களும், மருமகளும், புதிதாகக் கட்டிக்கொண்ட பல் செட்டும் சௌக்கியம்தானா என்று எழுதவும். பேசும்போது மேல் வரிசை இறங்கி வருகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பழகும் வரை பேச்சைக் குறைத்துக்கொள்ளவும். மேலே சௌக்கியமாக இருப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டதில்லை. அதை எழுதத்தான் இத்தனை நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மச்சான், நான் இளைத்துக்கொண்டே போகிறேன். சாப்பாடு குறைந்து இளைத்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நான் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தால் கண் வைத்துவிடுவான் என்று உங்கள் தங்கை கதவைச் சாத்திவிட்டுத்தான் இலை போடுகிறாள். காலையில் பதினாலு இட்லி, அதன் மேல் ஒரு செம்பு காப்பி. பத்து மணிக்குப் பட்டறையில் கேழ்வரகுக் கூழ், வெங்காயம். மத்தியானம் மூன்று தடவை சோறு, நாலாவதாக மோருக்குத் தனியாக ஒரு கை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் மெதுவடை ஆறு. ராத்திரி தோசையை எண்ணுவதில்லை, எண்ணினால் உடம்பில் ஒட்டாது என்று ஜெயம் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பு வேறு. போன வாரம் உங்கள் தங்கை கரண்டியும் கையுமாக நின்று, "இன்னாங்க இது, நானும் போட்டுகினே இருக்கேன், நீங்களும் துன்னுகினே இருக்கீங்க, எங்கதான் போவுது இத்தினியும்?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத்தானே மச்சான் நானும் ஏழு மாதமாக யோசித்துகினு இருக்கேன்!

இளைப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அமாவாசை அன்றைக்கு ஆரணியில் தறி ஓடாது, என் பட்டறையில் சாயக் கொப்பரையும் கொதிக்காது. அன்றைக்கெல்லாம் பஸ் ஏறிக் களம்பூர் வந்து, தங்கள் வீட்டில் கை நனைத்து, தங்கள் அரிசி மில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதுதானே என் வழக்கம். தை அமாவாசைக்கு வந்தபோது, முன்வாசலில் விவசாயிகளின் நெல்லை நிறுக்கிற பெரிய தராசு சும்மா இருந்தது. எடைக்காரர் தசரதன், "ஏறுங்க மாமா, சும்மா பாப்போம்" என்றார். ஏறினேன். சுளையாக எண்பது கிலோ. எனக்கு ஒரே பெருமை. மாசியில் ஏறினேன், எழுபத்தொன்பது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த களைப்பு என்று விட்டுவிட்டேன். பங்குனியில் எழுபத்தேழு. சித்திரையில் பொங்கலும் பலகாரமும் மாம்பழமும் தின்று தீர்த்துவிட்டு வந்து ஏறினால் எழுபத்தைந்து! வைகாசியில் எழுபத்திரண்டு. அன்றைக்குத் தாங்கள் மில்லுக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, துண்டு கீழே விழுவதுகூடத் தெரியாமல் ஓடிவந்து, "மாப்ளே, எறங்குங்க, எறங்குங்க, அது நெல்லுக்கு வச்ச தராசு, மனுஷங்க ஏறினா ஆவாது!" என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டீர்கள். முகமெல்லாம் வேர்த்திருந்தது தங்களுக்கு. தங்கை புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று நான் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன். அந்தப் பாசத்துக்குப் பயந்துதான் அதன் பிறகு தாங்கள் உள்ளே போன சமயம் பார்த்து ஏறுகிறேன். மன்னிக்கவும். ஆனியில் அறுபத்தொன்பது. போன ஆடி அமாவாசைக்கு அறுபத்தைந்து, மச்சான். அறுபத்தைந்து! கல்யாணத்தன்று நான் இருந்த எடை!

இதில் எனக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று இருக்கிறது. எடை இறங்க இறங்க, சட்டை இறுக்கிக்கொண்டே வருகிறது. பங்குனியில் ஒரு பொத்தான் தெறித்து ஜெயத்தின் காப்பி டம்ளரில் விழுந்தது. ஆனியில் இரண்டு. தையல்கார பலராமன் டேப்பைச் சுற்றிவிட்டு, "மேஸ்திரி, போன தீபாவளிக்கு இப்போ மூணு அங்குலம் ஏறிட்டீங்க, வயித்தாண்ட துணி பத்தாது" என்கிறான். "அடேய், நான் பதினைந்து கிலோ இறங்கியிருக்கிறேன்டா" என்றேன். அவன் டேப்பையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டான். தெருவில் பார்க்கிறவன் எல்லாம், "இன்னா பரசுராமன், மினுமினுன்னு ஆயிட்டே, பொண்ணு கல்யாணக் களையா?" என்று கேட்கிறான். எனக்குப் பேஜாராகப் போய்விட்டது. எடை குறைகிறது, உடம்பு உப்புகிறது, முகம் மினுக்குகிறது. இது என்ன வியாதி?

பத்து நாள் யோசித்தேன். பதினோராவது நாள் பட்டறையில் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பளிச்சென்று தெரிந்துவிட்டது. நான் முப்பது வருஷமாகப் பட்டு அவிக்கிறவன். கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் போட்டு அவித்தால் பசையெல்லாம் கரைந்துவிடும். ஒரு கிலோ போட்டால் முக்கால் கிலோதான் திரும்பி வரும். எடை குறையும், ஆனால் நூல் பொதபொதவென்று உப்பிக்கொள்ளும், மினுமினுவென்று பளபளப்பு வந்துவிடும். மச்சான், அச்சு அசல் என் உடம்பு! சித்திரை வைகாசி வெயிலில் கொப்பரை ஆவியிலேயே நின்று நின்று, எனக்கே பசை கழன்றுவிட்டது. இது தெரிந்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகிறது பசைதானே, சரக்கு இல்லையே என்று அன்றைக்கு இரண்டு இட்லி கூடப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் கணக்கு உறைத்தது. பசை என்பது கால்வாசிதான். அதற்கு மேல் ஒரு குண்டுமணி குறைந்தாலும் நூலே கெட்டுப்போகிறது என்று அர்த்தம், கையில் எடுத்தால் பொடியாக உதிரும். அவித்தவனுக்குத் தெரியும். எண்பதில் கால்வாசி இருபது. அறுபது வரைக்கும் பசை. அறுபதுக்குக் கீழே போனால் நான் போகிறேன். ஆடியில் அறுபத்தைந்து என்றால் இன்னும் ஐந்தே கிலோதான் பாக்கி. மாதத்துக்கு நாலு வீதம் இறங்குகிறது.

டாக்டரிடம் போகவில்லையா என்பீர்கள். போனேன். நம்மூர் சின்ன டாக்டர், வயசுப் பிள்ளை. நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், மூலையில் இருந்த ஒரு மெஷினில் ஏறச் சொன்னார். முறுக்கு டப்பா மாதிரி இத்தனூண்டு மெஷின். முள் போய் எண்பத்தாறில் நின்றது. நான் சிரித்துவிட்டேன். அதோடு விட்டாரா! "பெரியவரே, உடம்புல ஒண்ணும் கோளாறு இல்ல. சாப்பாட்டைக் கொஞ்சம் கொறைங்க" என்கிறார்! பதினைந்து கிலோ இறங்கிச் சாகப் போகிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு வந்ததே கோபம். "தம்பி, என் மச்சான் மில் தராசு நாலு நெல்லு மூட்டையைச் சேர்த்து ஏத்தினாலும் அசராது. அவர் மில்லுல தினமும் காலைல அதுக்குக் கற்பூரம் காட்டித்தான் எடை போடுறாங்க. அது பொய் சொல்லுது, உன் முறுக்கு டப்பா நெஜம் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நம் தசரதன் அந்தத் தராசுக்கு அடியில் கை விட்டு, தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு எடை போடுகிற பக்தியைப் பார்த்தவன் யாராவது சந்தேகப்படுவானா?

இதில் இன்னொரு அதிசயம். இந்தக் கிரகம் எனக்கு மட்டும் இல்லை, நெல்லுக்கும் பிடித்திருக்கிறது. ஆடி அமாவாசையன்று மில் வாசலில் கலசப்பாக்கத்துப் பக்கத்து விவசாயி பொன்னுசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நெல்லு மணி மணியா முத்தி விளைஞ்சுதுங்க. வூட்டுல ஆளு தூக்க முடியாத தூக்கிகினு வந்தோம். இங்க வந்தா எடையில நிக்க மாட்டேங்குது. ரெண்டு வெள்ளாமையா இதே கதி" என்று அழாத குறையாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கவலப்படாதீங்க, எனக்கும் அதே வியாதிதான்" என்று ஆறுதல் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமாயிருக்கு, மச்சான். உங்க தங்கச்சிகிட்ட சொல்லலை. சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். தவிர, அவள் சமையலுக்கு இழுக்கு வந்துவிடும். ஐப்பசியில் ஜெயத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காதில் பெண்ணின் அப்பன் இளைக்கிறான் என்று விழுந்தால் டி.பி. என்று கதை கட்டிவிடுவார்கள், சம்பந்தமே போய்விடும். அதனால்தான் தெரிந்தவர்களைப் பார்த்தால் மூச்சைப் பிடித்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். ஐப்பசி வரைக்கும் நான் தாங்குவேனா என்பது தெரியவில்லை. தாங்காவிட்டால், ஜெயத்தின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கிற ஸ்தானத்தில் தாங்கள்தான் நிற்க வேண்டும். அவளுக்கென்று நானே என் கையால் அவித்து, அரக்கு நிறத்தில் சாயம் போட்டு, நெய்து வாங்கி வைத்திருக்கும் பட்டுப் புடவை மரப்பெட்டியில் மேலேயே இருக்கிறது. அவள் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டால் போதும், அதன் பிறகு பசை போனால் என்ன, சரக்குப் போனால் என்ன.

ஆகவே தாங்கள் பட்டணத்தில் இருக்கும்போதே, பல் டாக்டரை விசாரித்து, இந்த மாதிரி சாப்பிடச் சாப்பிட இளைக்கிற வியாதிக்குப் பெரிய டாக்டர் யார் என்று கேட்டு, ஜல்தியாக நாள் வாங்கி வைக்கவும். நாளைக்கு ஆவணி அமாவாசை. காலையில் களம்பூர் போய்க் கடைசியாக ஒரு தடவை எடை பார்த்துவிட்டு, அதையும் கீழே எழுதித் தபாலில் சேர்க்கிறேன். டாக்டர் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பல் செட்டைச் செய்த புண்ணியவானுக்கும் என் மரியாதை. எல்லாரும் நூறு வயசு வரை எடை குறையாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ஆ. பரசுராமன்

பின்குறிப்பு (22-8-79, புதன்கிழமை): மச்சான், மேலே எழுதியதையெல்லாம் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வேண்டாம். நான் பிழைத்துவிட்டேன்! காலையில் மில்லுக்குப் போனேன். சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை நெல் வந்து இறங்குகிற சமயம், வாசலில் நாற்பது ஐம்பது பேர் வண்டியோடு நிற்கிறார்கள். தசரதன் முதலில், "இன்னிக்கு வேணாம் மாமா" என்று மழுப்பினார். நான் கெஞ்சி ஏறினேன். அறுபத்தொன்று! கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று தட்டுத் தடுமாறிக் கொல்லைப்புறம் போய், அரிசி மூட்டை கட்டுகிற இடத்தில் பானைத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்துவிட்டு, எது என்ன என்று பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த ரங்கம்மாள், "இன்னா ஐயா, அரிசி எடை போடுற தராசு மேல குந்திகினீங்க? எறங்குங்க. யம்மாடி, தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கீங்களே!" என்கிறாள். எழுந்து நின்று நானே பார்த்தேன். தொண்ணூற்று நாலு. முன்வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவில் நாற்பது அடி இருக்குமா? அதற்குள் முப்பத்து மூன்று கிலோ தேறிவிட்டேன்! வேறு யார் தராசாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இது தங்கள் தராசு. அதுவும் தங்கள் தராசு. இரண்டில் எதைத்தான் சந்தேகப்படுவது?

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடிவந்து, "தேறிட்டேன், என் மச்சான் மில்லுல முன்னால அறுபத்தொண்ணு, பின்னால தொண்ணூத்தி நாலு!" என்று கத்தினேன். பொன்னுசாமி மெதுவாக என்னிடம் வந்து, "எங்க நின்னீங்க, காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் முன்னால் ஏறினார், முப்பத்தெட்டு. பின்னால் போய் ஏறினார், எழுபத்தொன்று. அந்தப் பானைத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது, ஏறும் முன் ஒரு வாய் குடியுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் குடிக்கவில்லை, குடிக்காமலே தேறினார்கள். ஒரு மணி நேரத்தில் களம்பூரில் நாற்பது பேருக்கு உடம்பு தேறிவிட்டது, மச்சான். அதன் பிறகு நெல் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தார்கள். அதுவும் தேறிவிட்டது. மூட்டை எப்படித் தண்ணீர் குடித்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. இவ்வளவு நல்லது நடந்தும் யார் முகத்திலும் சிரிப்பே இல்லை. தசரதனைக் கேட்கலாம் என்று தேடினால், அவர் ஏதோ அவசர வேலையாக மதில் ஏறிக் குதித்துப் போனாராம்.

வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். பிறகு, "எங்கண்ணனுக்கு லெட்டர் போட்டுகினு இருக்காதீங்க, ஓடிப்போய்த் தந்தி அடிங்க, ஊர்ப்பக்கம் வராதேன்னு!" என்று கத்திவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தேறியதற்கு எதற்கு அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை. தந்தி எதற்கு வீணாக? தாங்கள் இருக்கும் இடத்தைப் பொன்னுசாமி அன்போடு கேட்டார், மாம்பலம் வீட்டு விலாசத்தை அடையாளம் உட்பட முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரும் இன்னும் பதினொரு பேரும் இன்றைக்கு ஆரணி வந்து சாயங்கால பஸ்ஸிலேயே தங்களைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். தபாலைவிடச் சீக்கிரம் வந்து சேரும் என்று இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, வழியில் படித்துக்கொள்ளட்டும். கூடவே ஒரு மூட்டை நெல்லும் பஸ் மேல் ஏற்றி எடுத்து வருகிறார்கள். அது தங்களுக்கு அன்பளிப்பா என்று கேட்டதற்கு இல்லை என்கிறார் பொன்னுசாமி. மாம்பலத்தில் தங்களுக்குச் சொந்தமில்லாத தராசு ஒன்று பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வைக்கச் சொல்கிறார்.